மாட்டுப் பேன்: மருந்து அடிச்சும் 20 நாள்ல திரும்ப வருதே?

கேள்வி: ரெண்டு ஜெர்சி கிராஸ் கறவை மாடு, ஒரு கெடேரி கன்னு வச்சிருக்கேங்க. மார்கழியிலேர்ந்து மூணும் தூண்ல கழுத்த தேச்சுக்கிட்டே நிக்குது, முடி கொட்டி சொட்டை சொட்டையா ஆயிடுச்சு. கறவை ரெண்டுக்கும் ஸ்ப்ரே அடிச்சேன், சுத்தமா போச்சு, 20 நாள்ல பழையபடி பேனு. முதுகுல ஊத்துற மருந்து ரொம்ப நாள் தாங்கும்னு கடைக்காரர் சொல்றார், நம்பலாமா? பால் என்ன பண்றது?
- கோபி பக்கத்து வாசகர்

பதில்: நம்பலாங்க. ஆனா மொதல்ல ஒண்ணு, கன்ன ஏன் விட்டீங்க? அதுமேல இருந்ததுதான் திரும்ப ஏறியிருக்கும். மூணுக்கும் ஒரே நாள்ல போடணும். இன்னொன்னு, எந்த மருந்தும் பேன் முட்டைய (ஈரு) சரியா கொல்லாது, முடியில ஒட்டிக்கிட்டு இருக்குற ஈரு ஒண்ணு ரெண்டு வாரத்துல பொரிச்சு வரும், அதுக்குள்ள ஸ்ப்ரேயோட வீரியம் போயிடும். ஊத்துற மருந்து தோல் எண்ணெயோட கலந்து ஒடம்பு பூரா பரவி நிக்கிறதால புதுசா பொரிக்கிறதும் மாட்டிக்கும், அப்பவும் 2 வாரம் கழிச்சு முடிய வெலக்கிப் பாத்துட்டு தேவைப்பட்டா டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டாவது தடவ ஊத்துங்க.

அளவுலதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க. 1 சதவீத ஃப்ளுமெத்ரின்ங்கிற ஊத்து மருந்துன்னா பொதுவா 10 கிலோவுக்கு 1 மில்லி, ஆனா பாட்டில்ல போட்டிருக்குறதுதான் கணக்கு. எடைய கண்ணால மதிக்காதீங்க, டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சு சுத்தளவ இஞ்சுல அளந்து அத அதாலயே பெருக்கி, தோள் முனையிலேர்ந்து பின்புட்டம் வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்கி 660ஆல வகுங்க. சுத்தளவு 64, நீளம் 54னா கிட்டத்தட்ட 335 கிலோ, அப்ப 33, 34 மில்லி. கையில உறை மாட்டிக்கிட்டு திமில் பக்கத்துலேர்ந்து வால் அடி வரைக்கும் நடு முதுகுல மெல்லிசா ஒரே கோடா விடுங்க, ஒரே எடத்துல கொட்டி கையால தேய்க்குறது வேண்டவே வேண்டாம். சாணி ஒட்டுன தோல்ல, ஈரத்துல போட்டா வேஸ்ட்டு. ஊத்துன கையோட குளிப்பாட்டிடாதீங்க, குளம் குட்டையிலயும் எறக்காதீங்க, மீனுக்கு இது வெஷம்.

பாலுக்கு வருவோம். ஐவர்மெக்டின் ஊத்து மருந்து கறவைக்கு ஆகாது. அதோட ஊசி ரத்தம் உறிஞ்சுற பேனுக்கு கேக்கும், தோல கடிச்சுத் திங்குற பேனுக்கு அவ்வளவா கேக்காது. எப்ரினோமெக்டின் ஊத்து மருந்துக்கு பல நாட்டுல பால நிறுத்தி வைக்கச் சொல்றதில்ல, கெடைக்குதானு டாக்டர்கிட்ட கேளுங்க. எது வாங்குனாலும் பாலுக்கு எத்தன நாள்னு லேபிள்ல பாக்காம காசு குடுக்காதீங்க.

அப்புறம் குளிருக்கு மாத்தி மாத்தி போத்துவீங்களே சாக்கு, அத வெயில்ல போட்டு ஒரு வாரம் எடுக்காதீங்க, மாட்டு மேல இல்லாம பேனு அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்காது.