மடக்கு போன் வாங்கினோம், அப்புறம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மடக்கு போன்களை வாங்கி, ப்ரீபெய்ட் சிம் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் அனுபவத்தையும் சந்தேகத்தையும் எழுதலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அப்பா, அம்மா, பாட்டிக்காகப் பிள்ளைகள் எழுதியவை. போனைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டு சிம்மிலும் ரீசார்ஜிலும் போய் முடித்திருக்கிறார்கள் பலர். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. போன் ஒரு தடவைச் செலவு, மற்றது மாதா மாதம் வந்து நிற்பது.

எழுபது தாண்டிய அம்மாவுக்கு டச் போன் ஒத்துவரவில்லை. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு மடக்கு போன் வாங்கிக் கொடுத்தேன். அவருடைய ஜியோ சிம்மைப் போட்டால் சிக்னலே காட்டவில்லை. போன் விற்றவர் சிம் பழுது என்கிறார், சிம் கடைக்காரர் போன் பழுது என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, காரைக்குடி

இரண்டுமே பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் போன் 2ஜி போனாக இருக்கும், பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது. 2016-ல் தொடங்கியபோதே 4ஜியில்தான் தொடங்கினார்கள், பேச்சும் வோல்ட்டி என்கிற 4ஜி வழியில்தான் போகும். அதனால் 2ஜி மட்டும் பிடிக்கிற போனில் அந்த சிம்மை எத்தனை தடவை துடைத்துத் துடைத்துப் போட்டாலும் டவர் வராது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் மூன்றுக்கும் 2ஜி இன்னும் இருப்பதால் அந்த சிம்கள் இதே போனில் வேலை செய்யும். தெரிந்தவர் சிம் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

திருப்பிக் கொடுக்கும் தேதி இன்னும் இருந்தால் யோசிக்காமல் திருப்பிவிட்டு, 4ஜி வோல்ட்டி என்று பெட்டியிலேயே அச்சிட்ட ஒன்றை வாங்குங்கள். தேதி போய்விட்டதென்றால் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை 1900-க்கு அனுப்ப வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிக்னல் இல்லாத புது போனிலிருந்து அந்தச் செய்தி போகாது, சிம்மைக் கழற்றி வீட்டில் இருக்கும் வேறொரு 4ஜி போனில் போட்டு அனுப்புங்கள். பதிலுக்கு வரும் குறியீடு நான்கு நாள்தான் செல்லும், அதற்குள் அம்மாவின் ஆதாரோடு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போய்விட வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போன் மாதிரி சில பட்டன் போன்கள் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டவை, அதில் வேறு சிம் எடுக்காது. ப்ளூடூத்தையும் எஃப்எம்மையும் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், எந்த சிம் ஓடும், எது ஓடாது என்பதையும் அதே அளவில் போட வேண்டும். வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஓய்வுபெற்றவன் நான். மடக்கு போனில் பேசுவதோடு சரி, இன்டர்நெட் பக்கமே போவதில்லை. ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை கடைக்குப் போனால் தினம் இத்தனை ஜிபி என்றுதான் போட்டுவிடுகிறார்கள். தொடாத டேட்டாவுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

கட்ட வேண்டியதில்லை ஐயா. இந்தத் தடவை வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதித் திருத்தம் கொண்டுவந்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் அடங்கிய, டேட்டா இல்லாத ஒரு ரீசார்ஜையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றது. சிறப்பு ரீசார்ஜ்கள் செல்லும் காலத்துக்கு அதுவரை இருந்த 90 நாள் உச்சவரம்பையும் 365 நாளாக உயர்த்தியது. அதன்படி 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அறிவித்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், வருடத்துக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. அன்றைய விலை இது, நீங்கள் போகிற நாளில் கூடவோ குறையவோ இருக்கலாம். கடையில் "வாய்ஸ் ஒன்லி பேக், டேட்டா வேண்டாம்" என்று இதே சொற்களில் கேளுங்கள். வெறுமனே "ரீசார்ஜ் பண்ணுங்க" என்றால் அவர் கைக்குப் பழகின பேக்கைத்தான் போடுவார்.

28 நாள் கணக்கு இன்னொன்று. மாதம் ஒருமுறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், வருடத்தில் அது பதின்மூன்று ரீசார்ஜ். ஒரே தடவையில் வருடத்துக்குப் போட முடிகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் அளவில் முடிந்துவிடுகிறது, அலைச்சலும் இல்லை. ஆனால் 1,849 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க முடியாத வீடுகள்தான் இந்த போனை அதிகம் வைத்திருக்கின்றன. அவர்களுக்கு 84 நாள்தான் கட்டுப்படியாகும். பேச்சு மட்டும் அடங்கிய மலிவான 28 நாள் பேக் ஒன்றையும் எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கூலி வேலைக்குப் போகிற அம்மாவுக்கு வருட பேக்கைக் காட்டி என்ன செய்ய?

உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2003 மே மாதத்திலிருந்து இன்கமிங் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அப்புறம் 999 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுக்க இன்கமிங் என்று விற்ற காலமும் வந்தது. 2018 கடைசியில்தான் குறைந்தபட்சம் 28 நாளுக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் சேவை என்ற முறை வந்தது. அன்றிலிருந்து அந்தக் குறைந்தபட்சம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளையின் அழைப்பை எடுப்பதற்கு மட்டும் போன் வைத்திருக்கிற ஒருவருக்கு இது சின்னச் செலவு இல்லை. டிராய் அடுத்து எதையாவது தொடுவதாக இருந்தால் முதலில் இதைத்தான் தொட வேண்டும்.

அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே தவறிப்போய் மூடிவிடுகிறார், கால் கட்டாகிவிடுகிறது. மூடினாலும் கட்டாகாமல் செய்ய வழி உண்டா? ஸ்பீடு டயலில் எங்கள் எண்களையும் போட்டுக் கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

மூடினால் கட்டாவதுதான் இந்த போனின் நல்ல குணமே. வயதானவர்களுக்கு அழைப்பைத் துண்டித்தோமா இல்லையா என்ற குழப்பம் டச் போனில் தீரவே தீராது, இதில் சத்தத்தோடு மூடினால் முடிந்தது. அமைப்புகளில் "திறந்தால் பதிலளி" என்ற வசதி இருந்தால் அதை மட்டும் இயக்கிவிடுங்கள், கீலைப் பிடித்துத் திறக்க ஒரு வாரம் பழக்குங்கள். கையில் நடுக்கம் உள்ளவர்களுக்கும் மூட்டு வலிக்காரர்களுக்கும் சில போன்களின் கீல் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே வாங்கும் முன் யாருக்கு வாங்குகிறீர்களோ அவர் கையில் கொடுத்து ஒற்றைக் கையால் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாலே ஒருவருக்கு அழைப்பு போகிற ஸ்பீடு டயலைக் கட்டாயம் போட்டுக் கொடுங்கள், ஆனால் 5, 9 இரண்டையும் விட்டுவிடுங்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் விற்கிற பட்டன் போன்களில் 5 அல்லது 9 பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும் என்பது அரசு விதி, இப்போது அந்த அழைப்பு 112-க்குப் போகும். இது தெரியாமல் ஐந்தாவது பேரனுக்கு 5 என்று வைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தவறி அழைப்பு போய்விட்டால் பயந்து மூடிவிட வேண்டாம், தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். நோக்கியா 2660 ஃபிளிப் போன்ற சில மாடல்களில் பக்கவாட்டில் தனி அவசரப் பொத்தானே இருக்கிறது, அதில் வீட்டு எண்களையே பதிந்து வைக்கலாம். 2022-ல் 4,699 ரூபாய்க்கு வந்த போன் அது, 4ஜியும் உண்டு.

வாட்ஸ்அப் வருகிற மடக்கு போன் வேண்டும். எது வாங்கலாம்?
– வாசகி, கோவை

இந்த விலையில் அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். கையோஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய பட்டன் போன்களில் கொஞ்ச காலம் வாட்ஸ்அப் இருந்தது, 2024-ல் புதிதாக இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப் இல்லாமல் முடியாது என்றால் மலிவான டச் போன்தான் வழி.

பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பட்டன் போனில் பணம் அனுப்ப முடியுமா? அது பாதுகாப்பா?
– வாசகர், சேலம்

முடியும். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி, இன்டர்நெட் இல்லாத போன்களுக்காக யுபிஐ 123பே என்பதைத் தொடங்கி வைத்தது. ஒரு எண்ணுக்கு அழைத்து, குரல் சொல்கிறபடி பொத்தான்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்றிருந்த வரம்பை 10,000 ஆக்கியிருக்கிறார்கள். அந்த எண்ணை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு எழுதி வாங்குங்கள், வேறு யார் கொடுத்தாலும் அதில் அழைக்க வேண்டாம். முதல் தடவை பின் எண் அமைக்க டெபிட் கார்டு கையில் இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஆபத்தான லிங்க் எதையும் தொட்டுவிடுவோமோ என்ற பயம் இதில் குறைவு, உண்மைதான். ஆனால் போலீஸ் பேசுகிறேன், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று வருகிற ஏமாற்று அழைப்புகள் பட்டன் போனுக்கும் அதே வேகத்தில் வருகின்றன, ஓடிபி இந்த போனிலும்தான் வந்து விழுகிறது. ஓடிபி கேட்டால் போனை மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

அமெரிக்காவில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருக்கிறார்கள். இங்கே கடைகளில் தொங்குகிற ப்ரீபெய்ட் மடக்கு போன் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாமா, அல்லது ஊரிலிருந்து கொண்டுவந்த மடக்கு போனே போதுமா?
– வாசகி, நியூ ஜெர்சி

ஊர் போன் அங்கே ஓடும் என்று நம்பி இருக்காதீர்கள். 2022-க்குள் அங்கே பெரிய நிறுவனங்கள் 3ஜியை நிறுத்திவிட்டன, இங்கே விற்கிற மலிவு போன்களுக்கு அங்குள்ள 4ஜி அலைவரிசைகள் எல்லாம் பிடிக்காது. பகலில் வீட்டில் தனியாக இருக்கிறவர்கள் கையில் உள்ளூர் எண் ஒன்று இருப்பது அவசியம், அதற்கு அந்த ப்ரீபெய்ட் மடக்கு போன் நல்ல வழி. அங்குள்ள அவசர எண்ணான 911-க்கு அழைப்பது எப்படி என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். நிமிடம் எத்தனை என்பதைவிட சேவை நாள் எத்தனை என்பது முக்கியம், நாள் முடிந்துவிட்டால் மிச்ச நிமிடம் இருந்தும் பேச முடியாது. போன் அந்த நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்து சிம் போடலாம் என்று எண்ண வேண்டாம். இந்தியாவுக்கு அழைப்பது அந்த பேக்கில் சேருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சேராவிட்டால் ஊர்ப் பேச்சை உங்கள் வீட்டு வைஃபையில் வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவின் இந்திய எண்ணை மட்டும் சாக விட்டுவிடாதீர்கள். பென்ஷனும் வங்கியும் சமையல் கேஸ் பதிவும் அதில்தான் நிற்கின்றன. மேலே திருநெல்வேலிக்காரருக்குச் சொன்ன வருட பேக் இதற்கு நன்றாகப் பொருந்தும். வெளிநாட்டில் ஓடிபி வர வேண்டுமென்றால் ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும், அடுத்த தடவை கிளம்பும் முன்னாலேயே நிறுவனத்திடம் கேட்டு அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, மடித்துத் திறந்தால் திரை விட்டு விட்டு எரிகிறது. சரிசெய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

திரைக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே கீலுக்குள் ஓடுகிற பட்டையான வயர் நைந்திருக்கும். மடக்கு போன்களில் தேய்கிற இடமே அதுதான். பில் தேதி பார்த்து வாரண்டி மிச்சமிருந்தால் வெளியே கொடுக்காமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். இல்லையென்றால், அந்த மாடலுக்கு வயர் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

காது மெஷின் வைத்திருக்கிற அப்பாவுக்கு மடக்கு போனைக் காதில் வைத்தால் 'கர்ர்' என்று இரைச்சல் கேட்கிறதாம். மெஷின் கோளாறா?
– வாசகி, வேலூர்

மெஷினைக் குறை சொல்லும் முன் போன் 2ஜியா என்று பாருங்கள். 2ஜி போன் தன் அலையை விட்டு விட்டு அனுப்புவதால் காதுக் கருவிக்குள் அந்த இரைச்சல் வரும், இது பல வருடமாகத் தெரிந்த விஷயம். 4ஜியில் பேசினால் பெரும்பாலும் குறைந்துவிடும். காதுக் கருவிக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கிற மாடல்கள் உண்டு, அவற்றில் சிலவற்றில் எம், டி என்று இரண்டு மதிப்பெண் போட்டிருப்பார்கள். எம் என்பது கருவியின் மைக் வழியாகக் கேட்பதற்கு, டி என்பது டெலிகாயில், அதாவது கருவிக்குள் இருந்து போனின் காந்த அலையைப் பிடிக்கிற சிறு கம்பிச்சுருள் வழியாகக் கேட்பதற்கு, மூன்றோ நான்கோ இருந்தால் நல்லது. அப்பாவின் கருவியில் டெலிகாயில் இருக்கிறதா என்று அதைப் பொருத்தியவரிடம் கேளுங்கள், இருந்தும் இயக்காமலே விட்டிருப்பார்கள். அப்புறம் அப்பாவையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவருடைய சிம்மைப் போட்டு, கருவி காதில் இருக்கும்போதே உங்களுக்கு ஒரு கால் பேசச் சொல்லிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்கிற கடையில் வாங்குங்கள்.