ஃபிஜி மலைக் கிராமங்கள் வழியா நடக்குற ட்ரெக் சேஃபா? கைடு இல்லாம நாமளே போக முடியாதா?

ஊர் ஊரா தங்கி மலைக்குள்ள நடக்கணும், கைடு ஃபீஸ் ஜாஸ்தியா இருக்கு, ஆஃப்லைன் மேப் வெச்சு நாமளே போயிடலாமா, அந்த ஜனங்க எப்படி, சேஃபா, கூட வர்ற ஃப்ரெண்டு சைவம், சாப்பாடு கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. நான் போயிட்டு வந்திருக்கேன், அதனால சொல்றேன். முதல்லயே சொல்லிடறேன், நான் டிராவல் ஏஜென்ட் இல்ல, யார்கிட்டயும் கமிஷன் வாங்கல. என் தம்பி ஃபிஜி தலைநகர் சுவால வேல பாக்குறான், அவன் இருந்ததாலதான் அந்தப் பக்கம் போனேன், வசதி ஜாஸ்தியாகி போகல. கமெண்ட்ல வந்து பணத்திமிருன்னு எழுதாதீங்க.

உங்க கேள்வில அந்த "சேஃபா"ங்கறதுதான் என்னை எழுத வெச்சுது. நான் பொறந்து வளந்து இப்பவும் இருக்கறது காசிமேடு. என் பொண்ணு காலேஜ் ஃப்ரெண்ட்ஸ வீட்டுக்கு கூப்ட்டா அவங்க அம்மாங்க முதல்ல கேக்கறது "அங்கெல்லாம் சேஃபா"ன்னுதான். சினிமால காட்டறத பாத்துட்டு ராயபுரம் தாண்டினாலே கத்தியோட சுத்துவாங்கன்னு நெனைக்கறாங்க. அதனால ஒரு ஊர் ஜனங்கள பாக்காமலே இப்படி கேட்டா எனக்கு சுருக்குன்னு இருக்கும், நீங்க தப்பா கேக்கலன்னு தெரியும், இருந்தாலும்.

அந்த மலைக்காரங்கள பத்தி யூட்யூப்ல என்ன சொல்றாங்கன்னு எனக்கும் தெரியும். 1867ல தாமஸ் பேக்கர்னு ஒரு பாதிரியார ஃபிஜியோட பெரிய தீவான விட்டி லெவுவோட உள் மலைல நபுதவ்தவ்ங்கற ஊர்ல கொன்னு தின்னாங்க, நடந்ததுதான். ஆனா 2003ல அதே ஊர் ஜனங்க, பாதிரியாரோட வம்சத்துல வந்தவங்கள ஆஸ்திரேலியால இருந்து வரவழைச்சு, சடங்கு செஞ்சு மன்னிப்பு கேட்டாங்க, அத எந்த வீடியோலயும் சொல்ல மாட்டாங்க. நூறு வருஷம் தாண்டியும் தாத்தனுக்கு தாத்தன் செஞ்சதுக்கு ஊரே தலகுனிஞ்சு நிக்கறவங்கள பாத்து நாம பயப்படறதா.

சரி கைடு விஷயம். வழி காட்டறதுக்குன்னு மட்டும் நெனச்சுதான் காச மிச்சம் புடிக்க பாக்கறீங்க. ஃபிஜில சுமார் 87 சதவீத நிலம் பூர்வகுடி குலங்களுக்கு சொந்தம், விக்கவே முடியாது. நீங்க நடக்கற ஒத்தையடிப் பாதை, தாண்டற ஆறு, எல்லாம் ஏதோ ஒரு குலத்தோட இடம், அரசாங்க காடு இல்ல. மேப்ல கோடு இருக்குன்னு நுழைஞ்சா அடுத்தவங்க கொல்லைல காலடி வெச்ச மாதிரி. அனுமதி கேக்கற முறைக்கு பேரு செவுசெவு. யங்கோனான்னு ஒரு செடியோட வேர் கட்டு ஒண்ணு டவுன் மார்க்கெட்லயே வாங்கிக்கணும், பேப்பர்ல சுத்தி ரிப்பன் கட்டி தருவாங்க, அதுதான் நீங்க வர்றதுக்கு அத்தாட்சி.

எங்க கைடு ஊருக்கு வெளியவே எங்கள நிறுத்திட்டான். தொப்பிய கழட்ட சொன்னான், கூலிங் கிளாஸ எடுக்க சொன்னான், தோள்ல மாட்டின பைய கைல புடிக்க சொன்னான், பேன்ட் மேல சுலு சுத்திக்க சொன்னான், சுலுன்னா நம்ம கைலிதான். அப்புறம் தலைவர் வீட்டுக்குள்ள பாயில சம்மணம் போட்டு உக்காந்தோம். வேர் கட்ட தரைல வெச்சு அவன் பேசினான் பாருங்க, தல குனிஞ்சு, குரல தாழ்த்தி, எங்க பேரு, எந்த ஊரு, ஏன் வந்தோம், எல்லாம் அவன் பாஷைல. நடுவுல "மெட்ராஸ்"னு காதுல விழுந்துச்சு. பெரியவர் அந்த கட்ட தொட்டு பதில் சொன்னாரு, எல்லாரும் கைய குவிச்சு தட்டினாங்க, டப்பு டப்புன்னு கனமா ஒரு சத்தம். அதுக்கப்புறம் நாங்க அந்த ஊர் பொறுப்பு. ராத்திரி நான் தனியா பின்பக்கம் பாத்ரூம் போனா கூட ஒரு பொண்ணு டார்ச் எடுத்துட்டு கூடவே வந்துச்சு, யாரும் சொல்லி அனுப்பல.

அந்த வேரை இடிச்சு தண்ணில கரைச்சு மரத்தொட்டில ஊத்தி, தேங்கா சிரட்டைல தருவாங்க. சாராயம் இல்ல, போதை ஏறி ஆடறது எல்லாம் இல்ல. ஒரு தடவ கை தட்டி, "புலா" சொல்லி, ஒரே மடக்குல குடிச்சு, மூணு தடவ தட்டணும். மண்ணு ருசி, நாக்கு மரத்துப் போகும். கொஞ்சமா வேணும்னா முன்னாடியே சொல்லிடலாம், கோச்சுக்க மாட்டாங்க.

சாப்பாடுதான் நான் ரொம்ப நேரம் பேசுவேன். மரவள்ளிக்கிழங்கு, சேம்புக்கிழங்கு வேகவெச்சது மூணு வேளையும் இருக்கும். சேம்பு இலைய தேங்காப்பால்ல கொதிக்க விட்டு ஒரு கீரை செய்வாங்க, ரொவுரொவுன்னு பேரு, அரைகுறையா வெந்தா தொண்டை அரிக்கும், அதனால பதறாம நின்னு வேக விடுவாங்க. உங்க ஃப்ரெண்டுக்கு அது போதும், கைடுகிட்ட முன்னாடியே சொல்லிட்டா கறி மீன் கலக்காம எடுத்து வெப்பாங்க. நாங்க தங்கின வீட்டு பாட்டி தேங்கா துருவிட்டு இருந்தாங்க, உக்காந்து துருவற பலகை, முனைல இரும்பு நாக்கு, எங்க ஆயா வீட்ல இருந்த அதே சாமான். நான் தள்ளி உக்கார சொல்லி துருவினேன், அந்த பாட்டி என் கைய பாத்துட்டு பக்கத்து வீட்டு பொம்பளைங்கள கத்தி கூப்ட்டாங்க. 2016 பிப்ரவரில வின்ஸ்டன் புயல் அவங்க கூரைய தூக்கிட்டு போன கதைய பேத்திய விட்டு இங்கிலீஷ்ல சொல்ல வெச்சாங்க, அதே வருஷம் டிசம்பர்ல வர்தால எங்க வீட்டு ஷீட் பறந்த கதைய நான் சொன்னேன்.

இன்னொரு விஷயம், இது உங்க கேள்வில இல்ல. 1879லயே கல்கத்தால இருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஃபிஜிக்கு ஆள் ஏத்த ஆரம்பிச்சாங்க, 1903ல இருந்து மெட்ராஸ்ல இருந்தும் ஏத்தினாங்க, 1916 வரைக்கும், மொத்தம் அறுபதாயிரம் பேருக்கு மேல. எங்க வீட்ல இருந்து நடந்து போற தூரத்துல இருக்கற துறைமுகம், ஸ்கூல்ல ஒரு வரி சொல்லித் தரல. ஃபிஜில நாந்திங்கற ஊர்ல இருக்கற முருகன் கோயில் வாசல்ல நின்னப்ப எனக்கு அழுக வந்துச்சு. மரீனால ஒரு சிலை வேணாம், துறைமுகம் பக்கம் ஒரு கல்வெட்டாவது வைக்கலாம் இல்ல?

கேமரா. ஞாயித்துக்கிழமை விடியக்காத்தால எங்க மீன் ஏலத்துக்கு கேமராவோட குரூப் குரூப்பா வர்றாங்க. என் அத்தை கூடை முன்னாடி நின்னு வெல பேசிட்டு இருக்கும்போது மூஞ்சிக்கு நேரா லென்ஸ நீட்டறாங்க, பேரு கூட கேக்கறதில்ல, அப்புறம் அதுக்கு "உழைப்பு"ன்னு தலைப்பு போட்டு எங்கயோ மாட்டறாங்க. எல்லாரும் அப்படி இல்லன்னு தெரியும், கேட்டு எடுக்கற பசங்களும் இருக்காங்க. ஆனா எங்க தெருவுக்கும் ஒரு செவுசெவு இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு அந்த மலைல உக்காந்து நெனச்சேன். கைடுக்கு தர்ற காசுல ஊருக்கும் பங்கு போகுதான்னு புக் பண்ணும்போது கேளுங்க, எங்களுக்கு சாப்பாடு, படுக்கற பாய் எல்லாத்துக்கும் அந்தந்த வீட்டுக்கே காசு போச்சு. இத பேரம் பேசாதீங்க.

உடம்பு பத்தி: 1,324 மீட்டர் தொமனிவிதான் அங்க உச்சி, உயரம் பிரச்சன இல்ல, சேறும் ஆறும்தான் பிரச்சன. ஒரே ஆத்த திரும்பத் திரும்ப தாண்டணும், ஷூவோடயே இறங்கணும், கழட்டி மாட்டினா கல்லு வழுக்கும். மேல மழ பேஞ்சா கீழ தண்ணி திடீர்னு ஏறும், எப்ப தாண்டலாம் எப்ப உக்காந்து காத்திருக்கணும்னு கைடு தண்ணி நிறத்த பாத்தே சொல்லுவான், உங்க மேப் சொல்லாது. மே மாசத்துல இருந்து அக்டோபர்குள்ள போங்க, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழையும் புயலும். ராத்திரி குளுரும், ஒரு ஸ்வெட்டர் வேணும்.

ஞாயித்துக்கிழமை ஊரே சர்ச்சுல இருக்கும், அன்னிக்கு நடக்க விட மாட்டாங்க. தேதி போடும்போது ஞாயிறு எந்த ஊர்ல விழுதுன்னு கைடுகிட்ட முதல்ல கேட்டுக்கோங்க.