சிறு வயதுப் பயங்கள் வளர்ந்த பின்னும் விடாதபோது: கேள்வி பதில்

பிள்ளைப் பருவத்தில் மனத்தில் குடியேறிய பயம் குடும்பம், உத்தியோகம் என்று ஆன பிறகும் விட்டுப் போகவில்லை என்று எழுதிய அனைவரும், "சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளவளத்துணையாளராகப் பணியாற்றுகிறேன். இத்தகைய பயங்களோடு என்னிடம் வந்தவர்களில் பாடசாலை அதிபர்களும், இரவு முழுவதும் லொறி ஓட்டும் சாரதிகளும் உண்டு. ஆகவே வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விடயத்துக்கு வருவோம்.

கேள்வி (தலவாக்கலை, ஆசிரியை, 34 வயது): ஐயா, எங்கள் லயத்தில் மலசலகூடம் வீட்டிலிருந்து தள்ளி, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மரத்தில் முனி உட்கார்ந்திருக்கிறது என்று அம்மாயி சொல்வார். இப்போது சொந்த வீடு, குளியலறையும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் இரவில் எழும்பினால் கணவரை எழுப்பாமல் அறைக் கதவைத் திறக்க முடிவதில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் ஏன் இப்படி?

பதில்: தெரிந்திருப்பது வேறு, உடம்பு பழகியிருப்பது வேறு. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தென்று ஒருமுறை பதிந்ததை அது எளிதில் கைவிடுவதில்லை. நீங்கள் யோசித்து முடிப்பதற்கு முன்பே நெஞ்சைப் படபடக்க வைத்துவிடும். 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்ட்டிமோர் நகரில் ஜோன் வொட்சன், ரொசாலி ரெய்னர் என்ற இருவர், வெள்ளை எலியோடு பயமின்றி விளையாடிக்கொண்டிருந்த 11 மாதக் குழந்தையின் பின்னால், அது எலியைத் தொடும் போதெல்லாம் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளிலேயே, சத்தம் இல்லாதபோதும் எலியைக் கண்டால் குழந்தை அழத் தொடங்கியது. முயலைக் கண்டும் அழுதது. அந்தக் குழந்தைக்குச் செய்தது அநியாயம், இன்று எவரும் அதை அனுமதிக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அதில் இருக்கிறது. எலியிலிருந்து முயலுக்குத் தாவிய பயத்தைப் போல, சவுக்கு மரத்து இருட்டு உங்கள் சொந்த வீட்டு நடைவழிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மாயியை நான் குறை சொல்லமாட்டேன். இரவில் சறுக்கும் படிக்கட்டும், பாம்பும், சில தோட்டங்களில் சிறுத்தையும் இருந்த இடத்தில், பிள்ளை தனியே வெளியே போகாமல் தடுக்க அவருக்குக் கிடைத்த வழி அது. ஆயினும் முனியாண்டியும் மாடசாமியும் நம்முடைய காவல் தெய்வங்கள். மலைக்கு ஏறுமுன் அவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் நம் முன்னோர். காவலுக்கு நிற்கும் சாமியையே பிள்ளைகளுக்குப் பயமாகக் காட்டியதை எண்ணும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணவரை எழுப்பும் ஒவ்வொரு இரவும் உங்களுக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குச் சோறு போடுகிறது. "அவர் எழும்பியதால்தான் தப்பினேன்" என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்கிறது. அந்தக் கணக்கைப் படிப்படியாக மாற்ற வேண்டும். முதலில், கணவர் விழித்தபடி படுக்கையில் இருக்க, நடைவழி விளக்கைப் போட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். சில இரவுகளில் அது சாதாரணமாகிவிட்ட பின், விளக்கில்லாமல் டோர்ச் ஒளியில் போங்கள். அடுத்து, அவர் உறங்கும்போது போங்கள். கடைசியில் டோர்ச்சையும் அணைத்துவிட்டு நடைவழியிலேயே நில்லுங்கள். ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மனத்துக்குள் புள்ளி போடுங்கள். எட்டில் தொடங்கினால், நான்காக இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு ஓடாதீர்கள். தாழ்ப்பாளில் கை வைத்தவுடன் உள்ளங்கை வியர்க்கும், காது அடைக்கும், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்க்காமல் நில்லுங்கள். பயம் உச்சிக்கு ஏறினால் தானாக இறங்கும். அது இறங்குவதை உங்கள் உடம்பே ஒருமுறை கண்டுகொள்ள வேண்டும்.

கேள்வி (மஸ்கெலியா, கொழும்பில் கடையில் வேலை, 26 வயது): எனக்கு இரத்தம் உறிஞ்சும் அட்டை என்றால் உயிர் போகிற பயம். மழைக்காலத்தில் ஊருக்கே போவதில்லை. போன வருடம் பயத்தைப் போக்குகிறோம் என்று கூட்டாளிமார் என் சட்டைக்குள் அட்டையைப் போட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் மோசம்.

பதில்: தம்பி, உங்கள் கூட்டாளிமார் செய்தது வைத்தியம் அன்று. பயந்தவரின் சம்மதம் இல்லாமல், எதிர்பாராத நேரத்தில் அவர் மேல் திணிக்கப்படும் எதுவும் பயத்தைக் கூட்டவே செய்யும். சம்மதத்தோடு மெல்ல நெருங்குவது எப்படி என்பதை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். முயலுக்குப் பயந்த ஒரு சிறுவன் தனக்குப் பிடித்த உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலை அறையின் தூர மூலையில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார். ஈற்றில் அந்தச் சிறுவன் முயலைத் தன் கையால் தடவினான்.

நீங்களும் படத்திலிருந்து தொடங்கலாம். பிறகு காணொளி, பிறகு மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஓர் அட்டை, பிறகு காலுறையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஈரமான தேயிலை மலையில் பத்து நிமிடம். அட்டை கடித்தால் வலி மிகக் குறைவு. அதன் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால்தான் ஒழுகுவது நிற்கப் பிந்துகிறது; இரத்தம் நிறையப் போய்விட்டது என்று எண்ண வேண்டியதில்லை. நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்து, சவர்க்காரத்தால் கழுவி, துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். அம்மாவைப் பார்க்க மழை விடும்வரை காத்திருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி (கொட்டகலை, 41 வயது): சின்ன வயதில் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போகும்போது, "மலை இடிந்து விழப்போகிறது" என்று அண்ணன் கத்துவார். இன்றும் அட்டனிலிருந்து ரயிலில் வருவதில்லை, பஸ்ஸில்தான் வருகிறேன். மூச்சு முட்டிச் செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது.

பதில்: உங்களுக்கு வாய்த்திருப்பது பயிற்சிக்கு நல்ல இடம். அச்சுரங்கம் அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில், அரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்தில் இருக்கிறது. ஒரேயொரு தரிப்பிடப் பயணம், குறைந்த கட்டணம், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். முதல் முறை நம்பிக்கையான ஒருவரோடு யன்னலோரம் உட்காருங்கள். நுழையும்போதும் வெளியே வரும்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மனம் ஒரு மணித்தியாலமாக நீட்டிக் காட்டுவது உண்மையில் எவ்வளவு என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

மூச்சு முட்டுவது காற்றுக் குறைவதால் அன்று. பயத்தில் வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சை இழுப்பதால் உடம்பில் கரியமிலவாயுவின் அளவு குறைந்து, தலைசுற்றலும் விரல் நுனியில் விறுவிறுப்பும் உண்டாகின்றன. மூச்சை இழுப்பதைக் காட்டிலும் விடுவதை நீளமாக்குங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கண்ணை மூடிக்கொள்வதும், கைத்தொலைபேசி விளக்கைப் போட்டுக்கொள்வதும், தெய்வப் படத்தை இறுக்கிப் பிடிப்பதும் ஆரம்பத்தில் உதவலாம், ஆனால் முடிவுவரை அவற்றை வைத்துக்கொண்டால் பயம் போகாது. கண்ணைத் திறந்து அந்த இருட்டைப் பாருங்கள்.

கேள்வி (பண்டாரவளை, 23 வயது): 2011ஆம் ஆண்டு மர்ம மனிதன் வருகிறான் என்று எல்லோரும் பயந்தபோது நான் சின்னப் பிள்ளை. இப்போதும் இரவில் கூரைத் தகரம் சத்தம் போட்டால் நடுங்குகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: மகளே, சிரிப்பவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்பதை நினைவுபடுத்துங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கிறீஸ் பூசிய மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்ற செய்தி மலையகத்திலும் கிழக்கிலும் பரவியபோது, பெரியவர்கள் தடியும் பந்தமும் எடுத்துக்கொண்டு இரவிரவாகக் காவல் இருந்தார்கள். பிள்ளை மர்ம மனிதனைக் காணவில்லை. அப்பாவின் முகத்தைக் கண்டது. அதுவே போதுமானது. 1980களில் சூசன் மினேக்காவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், பாம்பையே அறியாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகள், வேறு குரங்குகள் பாம்புக்குப் பயப்படுவதைப் பார்த்த மாத்திரத்தில் தாமும் பயப்படக் கற்றுக்கொண்டன. உங்களுடையது கற்பனைப் பயமன்று, கற்றுக்கொண்ட பயம்.

பகலில் கூரைக்குக் கீழே நின்று, அண்ணனையோ தம்பியையோ தகரத்தின் மேல் சிறு கல்லைப் போடச் சொல்லிக் கேளுங்கள். வெயில் சாய்ந்து குளிரும்போது தகரம் சுருங்கி எழுப்பும் சத்தத்தையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பிறகு அதே சத்தங்களை இரவில் கேளுங்கள்.

கேள்வி (பதுளை, 45 வயது): ஊசியையோ இரத்தத்தையோ கண்டால் மயங்கி விழுந்துவிடுகிறேன். நீரிழிவு என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்கள். மூன்று மாதமாகப் போகவில்லை.

பதில்: இது மற்றப் பயங்களிலிருந்து வேறுபட்டது. ஏனைய பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும். இதில் முதலில் ஏறி, பிறகு திடீரென்று இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது. ஆகவே உடம்பைத் தளர்த்தச் சொல்லும் அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் வகுத்த முறையில், கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும்வரை 10 முதல் 15 செக்கன்கள் இறுக்கி, பிறகு 20 முதல் 30 செக்கன்கள் சாதாரண நிலைக்கு விட வேண்டும். இவ்வாறு ஐந்து தடவைகள். வீட்டில் நாள்தோறும் பழகிய பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வையுங்கள், படுத்தபடியே இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், மயங்குவேன் என்று தாதியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உயர் இரத்த அழுத்தமோ இருதய நோயோ இருந்தால், பழகுமுன் வைத்தியரைக் கேளுங்கள். மூன்று மாதம் நீண்ட காலம். இந்த மாதமே போய் வாருங்கள்.

கேள்வி (கொஸ்லந்தை, 38 வயது): மழை பெய்தால் தூக்கம் வராது. இதுவும் அர்த்தமற்ற பயமா?

பதில்: இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி உங்கள் பக்கத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த எவரிடமும், மழைக்குப் பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் பயத்துக்கு வேண்டியது விரட்டல் அன்று, அளவுகோல். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் சொல்கிறது. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எந்த அளவுக்கும் காத்திருக்க வேண்டாம். தூறலுக்கும் உறக்கம் கெட்டு, அந்த நாள் காட்சிகள் கண்முன் வந்துகொண்டிருந்தால், அது மனக்காயம். அதைத் தனியே ஆற்ற வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

கேள்வி (நாவலப்பிட்டி, 52 வயது): மந்திரித்து நூல் கட்டினால் போதாதா?

பதில்: கட்டுங்கள், நான் தடுக்கமாட்டேன். பயந்த பிள்ளைக்கு விபூதி போட்டு மடியில் வைத்துக்கொள்ளும் கையில் அன்பு இருக்கிறது. ஆனால் கட்டிய நூலோடு, விலகிப்போன இடத்துக்கு ஒரு படியாவது நெருங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலாகப் பயம் வேலையையோ, பயணத்தையோ, வைத்தியத்தையோ தடுக்கிறதென்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை, இரு பிள்ளைகளின் தாய்): பிள்ளை சாப்பிடாவிட்டால் மாமியார், "சாக்குக்காரன் பிடித்துக்கொண்டு போவான்" என்கிறார். தடுக்கலாமா?

பதில்: தடுங்கள், ஆனால் பிள்ளையின் முன்னால் அல்ல. மாலைத் தேநீர் நேரத்தில் மாமியாரோடு தனியே இருந்து, அவர் எந்த இருட்டுக்குப் பயந்து வளர்ந்தார் என்று கேளுங்கள். சொல்லுவார். பிள்ளை ஏற்கெனவே பயந்திருந்தால், இருட்டிய பின் கையைப் பிடித்து வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பு வரை கூட்டிப் போங்கள். பீலியில் தண்ணீர் விழுவதையும் தவளை கத்துவதையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். நாளைக்கு வாசற்படி வரை, மறுநாள் இன்னும் இரண்டடி. கையை எப்போது விடுவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.