கபிட்டூ துரோகம் செய்தாளா? புதுக்கடையிலிருந்து ஒரு பதில்

'டொம் காஸ்முர்ரோ' நாவலில் கபிட்டூ தன் கணவனுக்குத் துரோகம் செய்தாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை நண்பனின் சாயலில் வளர்ந்தபின் வேறென்ன சாட்சி வேண்டும் என்று யாரோ உங்களை மடக்கியிருக்க வேண்டும். வெள்ளவத்தையில் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில் ஒரு பெரியவர் என்னை அப்படித்தான் மடக்கினார். நான் மறுத்ததும், "பிள்ளை, நீர் பெண் என்றபடியால் பெண்ணின் பக்கம் கதைக்கிறீர்" என்றார். அந்தச் சொல் இன்னும் உறுத்துவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரேசில் எழுத்தாளர் மஷாதோ டி அசிஸின் இந்த நாவல் 1899ஆம் ஆண்டில் அச்சானது. பென்டோ என்ற சட்டத்தரணி அயல்வீட்டுப் பெண்ணான கபிட்டூவைச் சிறுவயது முதல் காதலித்து மணக்கிறான். உயிர்த்தோழன் எஸ்கோபார் கடலில் மூழ்கி இறக்க, அவனுடைய பிரேதத்தைக் கபிட்டூ பார்த்த பார்வையிலிருந்து பென்டோவின் சந்தேகம் முற்றுகிறது. பிறகு மகனின் முகத்தில் நண்பனையே காண்கிறான். மனைவியையும் மகனையும் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பிவிடுகிறான். அவன் இதை எழுத உட்காரும்போது மனைவி, மகன், நண்பன், தாய் எவருமே உயிரோடு இல்லை. மறுத்துரைக்க ஆளில்லாத வழக்கை அவனே தொடுத்து, அவனே தீர்ப்பும் எழுதுகிறான்.

நான் கொழும்பு, புதுக்கடை நீதிமன்றங்களில் விவாகரத்து வழக்குகளுக்குத் தோன்றுகிற சட்டத்தரணி. தொழிலுக்கு வந்த புதிதில், என் மூத்த சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு ஒருவர் புகைப்பட அல்பத்துடன் வந்தார். (கட்சிக்காரரின் இரகசியத்தை வெளியிடலாமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆளை அடையாளம் காட்டும் எதையும் நான் இங்கே எழுதவில்லை.) பிள்ளையின் படங்களையும் குடும்ப நண்பர் ஒருவரின் படங்களையும் வயது வாரியாக அடுக்கி, காது, நாடி, சிரிப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கோர்வையாகவும் கண்ணியமாகவும் பேசினார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அவர்மீது இரக்கம் வந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்த சேர், "உங்கட மனுசி இதுக்கு என்ன சொன்னவா?" என்று மட்டும் கேட்டார். "அவ என்ன சொல்லுறது, அழுதவா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். என் குறிப்பைத் திரும்பப் பார்த்தேன். அத்தனை பக்கங்களில் அந்தப் பெண் பேசிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. திருமணம் நிலைத்திருக்கையில் பிறந்த பிள்ளை கணவனுடையதே என்றுதான் நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொள்கிறது, சாயலைக் காட்டி அதை அசைக்க முடியாது என்று சேர் விளக்கியதும் அவர் கோபத்துடன் எழுந்து போய்விட்டார்.

பென்டோவை அந்த மனிதருடன் அப்படியே ஒப்பிடமாட்டேன், ஏனெனில் பென்டோ தன் வழக்கைக் கெடுக்கும் சான்றுகளையும் தானே எழுதிவைக்கிறான். 83ஆம் அத்தியாயத்தில், கபிட்டூவின் தோழி சான்ஷாவின் தந்தை, இறந்துபோன தன் மனைவியின் படத்தைக் காட்டி, அது கபிட்டூவைப் போலவே இல்லையா என்று கேட்கிறார். இரு பெண்களுக்கும் எந்த உறவும் இல்லை. வாழ்க்கையில் இப்படி விநோதமான ஒற்றுமைகள் உண்டு என்று அவரே சொல்கிறார். சாயல் ஒன்றையே ஆதாரமாகக் கொண்ட வழக்கில், சாயல் தற்செயலாகவும் அமையும் என்ற சாட்சியம் வழக்காளியின் வாயிலிருந்தே வந்துவிட்டது. வாசிப்பு வட்டத்தில் நான் அந்த அத்தியாயத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். பெரியவருக்கு அது நினைவிலேயே இல்லை.

அதைவிடக் கனமானது 118ஆம் அத்தியாயம். எஸ்கோபார் இறப்பதற்கு முந்தைய இரவில், எஸ்கோபாரின் மனைவியாகிவிட்ட அதே சான்ஷாவின் கையைப் பென்டோ பற்றுகிறான், அவளை எண்ணிச் சபலப்படுகிறான். நண்பனின் மனைவிமேல் ஆசை வைத்தவன் தானே என்பதை எழுதிவிட்டு, நண்பன் தன் மனைவிமேல் ஆசை வைத்தான் என்று அவன் நம்மிடம் முறையிடுகிறான். பொறாமை எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு எனக்கு இது போதும். பின்னொரு நாள் அவன் ஒதெல்லோ நாடகம் பார்க்கிறான். குற்றமற்ற மனைவி கொல்லப்படுவதைக் கண்ட பிறகும், சாக வேண்டியவள் கபிட்டூ என்ற முடிவோடுதான் வெளியே வருகிறான். மறுநாள் தனக்கென்று நஞ்சு கலந்த கோப்பியை மகனுக்குப் பருக்கப் போய், கடைசிக் கணத்தில் நிறுத்துகிறான். இப்படிப்பட்டவனுடைய கண்ணால்தான் பிள்ளையின் முகத்தை நாம் பார்க்கிறோம்.

கபிட்டூ குற்றமற்றவள் என்று நான் நிரூபித்துவிட்டதாக யாரும் பின்னூட்டம் இட வேண்டாம். அதற்கும் நாவலில் இடமில்லை. ஆனால், பென்டோவின் சொல்லை நம்பத்தான் வேண்டுமா என்று அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் கால்ட்வெல் 1960இல் ஒரு நூலாகவே எழுதிக் கேட்கும் வரை, நாவல் வெளிவந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாகப் பெரும்பாலான விமர்சகர்கள் அவளைக் குற்றவாளியாகவே கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது. உங்களை மடக்கியவரிடம் 118ஆம் அத்தியாயத்தைக் கொடுத்து, உங்கள் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள்.