நாலே பாட்டு, பத்து லட்சம் தட்டு: ஐசக் ஹேஸ் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஐசக் ஹேஸ் 1969-இல் வெளியிட்ட 'ஹாட் பட்டர்ட் சோல்' ஆல்பத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இசையைவிட விற்பனை பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் விருப்பம். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

இவர் யார் என்றே எனக்குத் தெரியாது. இரண்டு வரியில் சொல்லுங்களேன்.

1942-இல் டென்னசி மாநிலத்தில் கோவிங்டன் என்ற ஊரில், ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தார். டேவிட் போர்ட்டரோடு சேர்ந்து மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். சாம் அண்ட் டேவ் என்ற இரட்டையர் பாடிய 'சோல் மேன்' இந்த இருவர் எழுதியதுதான். 2008-இல் காலமானார்.

அண்ணா, ஒரு ஆல்பத்தில் நாலே நாலு பாட்டு, அதிலும் ஒன்று 18 நிமிடம். இதை எந்தக் கம்பெனி துணிந்து வெளியிட்டது? யாருமே தடுக்கவில்லையா?

தடுக்க யாருக்கும் நேரமில்லை தம்பி. ஆல்பத்தின் கதையே இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்தது நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம். 1967 டிசம்பர் 10-ஆம் தேதி ஸ்டாக்ஸின் மிகப் பெரிய பாடகர் ஓடிஸ் ரெட்டிங் விமான விபத்தில் இறந்தார். அவருக்குப் பின்னணி வாசித்த பார்-கேஸ் குழுவில் பெரும்பாலோரும் அவரோடு போய்விட்டார்கள். அட்லாண்டிக் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியிருந்ததால் 1968-இல் விநியோக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அப்போதுதான் அந்தப் பேரிடி விழுந்தது. அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகளின் உரிமை முழுவதும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 1965-இல் ஸ்டாக்ஸ் நிறுவனர் ஜிம் ஸ்டூவர்ட் அதைச் சரியாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். சாம் அண்ட் டேவும் அட்லாண்டிக்கின் கலைஞர்களாகவே அங்கே திரும்பிவிட்டார்கள்.

ஆக, அத்தனை வருடம் பாட்டுப் பதிவு செய்த கம்பெனியின் அலமாரியில் விற்பதற்குப் பழைய தட்டு ஒன்றுகூட இல்லை. அப்போது பொறுப்பில் இருந்த அல் பெல் ஒரு முடிவெடுத்தார். கடையில் பொருள் இல்லையென்றால் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவோம் என்று 27 ஆல்பங்களைத் தயாரிக்கச் சொன்னார். பாடத் தெரிந்த எல்லோரும் ஆல்பம் போட வேண்டியிருந்தது. பாடலாசிரியராக இருந்த ஹேஸும் அதில் ஒருவர். தன் விருப்பப்படி செய்ய விட்டால் போடுகிறேன் என்றார். 27-இல் ஒன்றுதானே, கணக்குக்கு ஒன்று கூடினால் போதும் என்ற நிலையில் அவருக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது. அந்த இருபத்தேழில் பெரிதாக விற்றது இதுதான்.

இதற்கு முன் அவர் தனியாக ஆல்பம் போட்டதே இல்லையா?

1968-இல் 'பிரசென்டிங் ஐசக் ஹேஸ்' வந்தது. ஒரு விருந்து முடிந்த கையோடு, பேஸ் கிட்டாரில் டக் டன், டிரம்ஸில் அல் ஜாக்சன் என்று மூன்று பேராக உட்கார்ந்து வாசித்த ஜாஸ் வாடைத் தட்டு. விற்கவில்லை.

நாலில் மூன்று பாட்டு அடுத்தவர் எழுதியது. பாட்டு எழுதியே பெயர் வாங்கிய ஒருவர் தன் ஆல்பத்துக்கு ஏன் கடன் வாங்க வேண்டும்?

நல்ல கேள்வி. 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது மெம்ஃபிஸின் லொரெய்ன் மோட்டலில். ஸ்டாக்ஸ் கலைஞர்களுக்கு அது வெறும் விடுதி அல்ல. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார இடம் கிடைப்பது அரிதான ஊரில், அவர்கள் கூடி உட்கார்ந்து பாட்டு எழுதிய இடங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கொலைக்குப் பிறகு ஓராண்டு போல எதையும் எழுத முடியவில்லை என்று ஹேஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அடுத்தவர் பாட்டுகளைக் கையில் எடுத்தார் என்பது என் கணிப்பு.

ஆனால் எடுத்ததை எப்படி மாற்றினார் என்று பாருங்கள். 'வாக் ஆன் பை' பர்ட் பாக்கராக், ஹால் டேவிட் எழுதி, டியான் வார்விக் 1964-இல் பாடி வெற்றி பெற்ற மூன்று நிமிடப் பாட்டு. ஹேஸ் அதை 12 நிமிடமாக்கினார். கூட வாசித்தவர்கள் விபத்துக்குப் பிறகு மறுபடி சேர்த்துக் கட்டிய பார்-கேஸ். பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் அன்று வேறு விமானத்தில் போனதால் உயிர் தப்பியவர். அடித்தளத்தை மெம்ஃபிஸின் ஆர்டென்ட் ஸ்டூடியோவில் பதிந்துவிட்டு, மேலே வயலின்களையும் காற்றுக் கருவிகளையும் டெட்ராய்ட்டில் ஜானி ஆலன் அமைப்பில் சேர்த்தார்கள். உறுமும் கிட்டார் ஒரு பக்கம், வயலின்கள் ஒரு பக்கம், நடுவில் அவசரமே படாத அந்தக் கனத்த குரல். கேட்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

சார், 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' கேட்டேன். எட்டு நிமிடத்துக்கு மேல் வெறும் பேச்சு! இதை எப்படிப் பொறுமையாகக் கேட்பது?

உங்களைப் போன்ற பொறுமையில்லாத கூட்டத்துக்காகத்தான் அந்தப் பேச்சே பிறந்தது. மெம்ஃபிஸ் கிளப் ஒன்றில் பார்-கேஸோடு மேடையேறியபோது, ஜிம்மி வெப் எழுதி க்ளென் காம்ப்பெல் பாடிய இந்தப் பாட்டைப் பாட நினைத்தார். கூட்டம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. வாத்தியக்காரர்களை ஒரே சுருதியில் நிற்கச் சொல்லிவிட்டு, இந்தப் பாட்டில் வரும் ஆண் ஏன் வீட்டைவிட்டுப் போகிறான் என்று கதை சொல்ல ஆரம்பித்தார். டென்னசி மலைப்பக்கத்து இளைஞன், மனைவியை நம்பி ஏமாந்தவன், போவதும் திரும்பி வருவதுமாக இருந்தவன். சத்தம் அடங்கியது. அதையே தட்டிலும் செய்தார்.

கேட்கும் விதம் சொல்கிறேன். பேச்சை மட்டும் கவனிக்காதீர்கள். ஹேமண்ட் ஆர்கன் ஒரே கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டில் நிற்கிறது. டிரம்ஸில் வில்லி ஹால் சிம்பலை மட்டும் தட்டிக்கொண்டு காத்திருக்கிறார். பாட்டு தொடங்கும் தருணத்தில் அத்தனை நேரம் தேக்கிவைத்தது உடைகிறது. பேச்சைத் தாண்டிக் குதித்துப் போனால் அந்த உடைப்பு உங்களுக்குக் கிடைக்காது.

உண்மையில் எவ்வளவு விற்றது? பட்டியலில் எந்த இடம்?

பத்து லட்சத்துக்கு மேல். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 8-ஆம் இடம், கறுப்பர் இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம், ஜாஸ் பட்டியலிலும் முதலிடம்.

சிங்கிள் இல்லாமலேயே இவ்வளவு விற்றதா?

சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு, இருந்தது, ஆனால் பின்னால் வந்தது. 'வாக் ஆன் பை'யையும் 'ஃபீனிக்ஸ்'ஸையும் வெட்டிச் சுருக்கி ஒரே தட்டின் இரு பக்கங்களாகப் போட்டார்கள். பொதுப் பட்டியலில் ஒன்று 30, மற்றொன்று 37. சுமாரான இடங்கள்தான். ஆல்பமோ எட்டாம் இடம் வரை ஏறியது. சிங்கிள் ஆல்பத்தை இழுக்கவில்லை, ஆல்பம்தான் சிங்கிளை இழுத்தது.

இது அன்றைக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், கறுப்பர் இசையில் வியாபாரம் என்றாலே சிங்கிள்தான். ஆல்பம் என்பது ஓடிய இரண்டு பாட்டோடு மிச்சத்தை இட்டு நிரப்புவது. கறுப்பு ரசிகர்கள் ஆல்பத்துக்குக் காசு செலவழிக்க மாட்டார்கள் என்று கம்பெனிகள் நம்பின. ராக் இசைக்காரர்களுக்குக் கிடைத்த நீளமும் ஸ்டூடியோ நேரமும் இவர்களுக்குக் கிடைக்காததற்கு அந்த நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம். ஆல்பமாகக் கொடுத்தால்தானே வாங்குவார்களா என்று தெரியும்? ஹேஸ் முழு ஆல்பமாகக் கொடுத்தார், வாங்கினார்கள். அந்தப் பத்து லட்சத்தை வெறும் வசூல் கணக்காக என்னால் பார்க்க முடிவதில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் ரசனையை ஆண்டுக்கணக்காகக் குறைத்து எடைபோட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

அப்படியென்றால் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பம் இதைப் பார்த்து வந்ததா?

பார்த்து வந்தது என்று சொன்னால் மார்வின் கேக்கு அநியாயம். அவர் மோட்டவுன் நிறுவனத்தில் தனியாகப் போராடித்தான் 'வாட்ஸ் கோயிங் ஆன்' கொண்டுவந்தார். பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டும் 1970-இலேயே தன் வழியில் போய்விட்டார். ஆனால் சோல் என்ற இந்தக் கறுப்பர் இசையில் முழு ஆல்பமாக யோசித்தால் விற்காது என்று அதற்குள் எந்த முதலாளியும் அடித்துப் பேச முடியாத நிலை வந்திருந்தது. அதில் ஹேஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு சம்பாதித்தவர் திவாலானார் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. 1971-இல் 'ஷாஃப்ட்' படத்தின் இசை முதலிடம் போனது. அடுத்த ஆண்டு அதன் தலைப்புப் பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கினார். சிறந்த பாட்டுக்கான அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பரும் அவர்தான். ஆனால் ஸ்டாக்ஸ் கடனில் சரிந்துகொண்டிருந்தது. தனக்கு வரவேண்டிய பணத்துக்காக 1974-இல் அதன்மேல் வழக்குப் போட்டு வெளியேறினார். 1975 கடைசியில் ஸ்டாக்ஸ் மூடப்பட்டது. 1976-இல் ஹேஸும் அறுபது லட்சம் டாலருக்கு மேல் கடனோடு திவாலானார். அதில் போனது வீடும் காரும் மட்டுமல்ல. தான் எழுதி, பாடி, தயாரித்த பாட்டுகளுக்கு இனி வரவேண்டிய ராயல்டியும் போனது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. 1994-இல் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் 2016-இல் பியான்ஸேயும் இந்த 'வாக் ஆன் பை'யிலிருந்து எடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அடித்தளம் போட்டார்கள். இதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டிலிருந்து பியானோவை எடுத்து 1988-இல் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு ஒரு பாட்டே கட்டினார்கள். மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட தட்டு, போட்டவர் கையில் நிற்கவில்லை.

அட்டையில் மொட்டைத் தலை மட்டும் தெரிகிறதே, ஏன்?

மேலிருந்து எடுத்த படம். தலை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் தங்கச் சங்கிலி. கடையில் நூறு அட்டைகளுக்கு நடுவே வைத்தாலும் கண் அதில்தான் போய் நிற்கும்.

அண்ணே, எங்கிருந்து தொடங்கட்டும்? முக்கால் மணி நேரம் உட்கார எனக்கு நேரமில்லை.

'வாக் ஆன் பை' மட்டும் கேளுங்கள், 12 நிமிடம்தான். முதலில் டியான் வார்விக் பாடியதைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போடுங்கள். பிடித்தால் ஒரு வாரம் கழித்து 'ஃபீனிக்ஸ்'. செல்பேசி ஸ்பீக்கர் வேண்டாம், அலெக்சாண்டரின் பேஸ் அதில் கேட்கவே கேட்காது. சிங்கிளுக்காக வெட்டிய சின்ன வடிவங்கள் கையில் கிடைத்தால் அவற்றைக் கடைசியில் கேளுங்கள், முதலில் வேண்டாம்.