கிட்டாருக்கு ஓய்வு வயது உண்டா?

அன்புள்ள சார்,

எனக்கும் என் நண்பனுக்கும் கொஞ்ச நாளாக ஒரு வழக்கு. 1968இல் கிரீம் என்கிற ராக் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்த ‘கிராஸ்ரோட்ஸ்’ பாட்டைப் போட்டுக் காட்டினான். அடுத்து, எழுபதைத் தாண்டிய கிளாப்டனின் கச்சேரி ஒன்றை யாரோ செல்போனில் எடுத்த வீடியோ. “இதற்குப் பேசாமல் வீட்டில் இருக்கலாம்” என்கிறான். எனக்கோ பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் இளமையில் வாசித்ததைவிட வயதான பிறகு வாசிப்பதுதான் பிடிக்கிறது. வயது ஏற ஏற ராக் கிட்டாரிஸ்டின் வாசிப்பு முதிருமா, தேயுமா?

ஒரு சொந்தக் கவலையும் உண்டு. எனக்கு வயது 52. சில வருடங்களாக எலெக்ட்ரிக் கிட்டார் பழகுகிறேன். இடது சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் வைத்த போட்டியிலேயே கோளாறு இருக்கிறது. ‘கிராஸ்ரோட்ஸ்’ 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் பதிவானது. அந்தச் சில நாட்களில் கிரீம் வாசித்த பல கச்சேரிகளை டேப்பில் பிடித்து, கேட்டுப் பார்த்து, தேறியதை ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ இசைத்தட்டில் சேர்த்தார்கள். இன்றைக்கு அப்படிச் சலித்தெடுக்கிற வேலையே கிடையாது. மேடையில் ஒரு பெரியவர் சறுக்கினால் மறுநாள் காலைக்குள் வீடியோ உலகம் சுற்றிவிடுகிறது. 22 வயதுக்காரரின் நல்ல ராத்திரியையும் 70 வயதுக்காரரின் ஏதோ ஒரு ராத்திரியையும் பக்கத்தில் வைத்தால் யார் ஜெயிப்பார் என்று கேட்கவே வேண்டாம். இதில் வேடிக்கை, அந்த ‘கிராஸ்ரோட்ஸ்’ கிளாப்டனுக்கே அவ்வளவு உவப்பில்லை. நடுவில் தாளத்தைத் தவறவிட்டுவிட்டோம் என்கிற தொனியில்தான் பின்னாளில் பேசியிருக்கிறார்.

இதைச் சொல்லி நண்பரின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தேய்மானம் உண்மை. வேகமாகச் சுருங்கி விரியும் தசை இழைகள் வயதோடு மெலிகின்றன. மூளையின் உத்தரவு விரலுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகிறது. விரல் மூட்டுகளில் குருத்தெலும்பு தேய்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் இதன் முதல் அடி விழுவது இரண்டு கைகளுக்கும் இடையிலான ஒத்திசைவில். வேகமான ஓட்டத்தில் இடது விரல் ஃபிரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் பதித்த உலோகக் கட்டையில்) அழுந்துவதும் வலது கையில் பிடித்த பிக் என்கிற சிறு தகடு கம்பியைத் தட்டுவதும் ஒரே கணத்தில் நடந்தாக வேண்டும். மயிரிழை பிசகினாலும் சுரம் மழுங்கிவிடும். கேட்பவர்களுக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சோர்வாக இருக்கிறதே என்று படும். அப்புறம் காது. நூறு வாட் மார்ஷல் ஆம்ப்களுக்கு (ஒலிபெருக்கிகளுக்கு) முன்னால் நின்று வாழ்ந்த தலைமுறை அது. தன் கைகால் நரம்புகளில் பாதிப்பு இருப்பதாக 2016இல் கிளாப்டன் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, காது கேட்பது குறைகிறது, இரைச்சலும் இருக்கிறது என்றார்.

வேகத்தை மட்டுமே மூலதனமாக வைத்தவர்கள் இதில் அதிகம் இழக்கிறார்கள். 1969இல் வுட்ஸ்டாக்கில் வாசித்த ஆல்வின் லீயை எல்லோரும் ‘அதிவேக கிட்டாரிஸ்ட்’ என்றார்கள். அந்தப் பட்டம் அவரை விடாமல் துரத்தியது, அவருக்கே அது அலுத்தும் போனது.

ஆனால் கையில் வேகத்தோடு கூடவே போய்விடாதவையும் இருக்கின்றன. விப்ராட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியை அழுத்திய விரலை மணிக்கட்டின் சுழற்சியால் மேலும் கீழும் அசைத்து சுருதியை நடுங்கவைப்பது. புதிதாகக் கற்பவர் சுரத்தைத் தொட்ட மாத்திரத்தில் பதற்றமாக ஆட்டத் தொடங்குவார், சுருதி எங்கெங்கோ போகும். தேர்ந்தவர் சுரத்தைக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கவிடுவார். அதன் பிறகுதான் மெதுவாக, ஒரே அகலத்தில் அசைப்பார். எப்போது தொடங்குவது, எவ்வளவு அசைப்பது, எங்கே சும்மா இருப்பது என்பதெல்லாம் தசைபலத்தில் வருவதில்லை. பல வருடம் தன் வாசிப்பைத் தானே கேட்டு வருவது. கீல்வாதம் முற்றும்வரை இது நிற்கும் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் லண்டனில் 2007ஆம் வருடக் கடைசிக்குப் போங்கள். நவம்பர் இறுதியில் ஜெஃப் பெக், ரோனி ஸ்காட்ஸ் என்கிற சின்ன ஜாஸ் கிளப்பில் சில இரவுகள் வாசித்தார். சில நாட்களிலேயே, டிசம்பர் 10 அன்று, பிரம்மாண்டமான ஓ2 அரங்கில் ஜிம்மி பேஜ் தன் பழைய குழுவான லெட் செப்பலினோடு மேடையேறினார். இரண்டு பேருக்கும் அப்போது 63 வயது. சிறுவயதுச் சிநேகிதர்கள், யார்ட்பேர்ட்ஸ் குழுவில் வாசித்தவர்கள். (பேஜின் கச்சேரி நவம்பர் 26 என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. அவர் விரலில் எலும்பு முறிந்ததால் தள்ளிப்போனது.)

பேஜ் அன்றைக்கு நன்றாகவே வாசித்தார். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார்கள், அது தெரிந்தது. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் நினைவுகூரல். முப்பது, நாற்பது வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்ததை, கிட்டத்தட்ட சிந்தாமல் சிதறாமல் திரும்பக் கொண்டுவருவது. லட்சக்கணக்கானவர்கள் டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டதும் அதற்காகத்தானே, அவரைக் குறை சொல்ல முடியாது.

பெக் செய்தது வேறு. எண்பதுகளிலேயே அவர் பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஒரு ராக் கிட்டாரிஸ்டுக்கு அது சாதாரண முடிவு இல்லை, வேகத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. பதிலுக்கு அவர் வலது கையைப் பாருங்கள். கட்டைவிரல் கம்பியைத் தட்டுகிறது. சுண்டுவிரல் வால்யூம் குமிழில். தட்டிய சத்தம் கேட்காமல் அதைத் திருப்பி மறைத்து, சுரம் மட்டும் எங்கிருந்தோ ஊறி வருவது மாதிரிச் செய்கிறார். மிச்ச விரல்கள் வாமி பாரில், அதாவது பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் பிடியில். அவருடைய பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாகம்) மிதக்கிற மாதிரி அமைக்கப்பட்டது, கம்பியைத் தளர்த்துவது மட்டுமில்லாமல் இழுக்கவும் முடியும். அதனால் சுருதி இரண்டு பக்கமும் நகரும். 1989இல் வெளியான ‘வேர் வேர் யூ’வை அந்த கிளப்பில் வாசிக்கிறார். பெரும்பாலும் ஹார்மானிக் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணிபோன்ற சுரம்) ஒன்றைத் தட்டிவிட்டு, மெட்டின் அடுத்த சுரங்களை அந்த பாரைக் கொண்டே தேடிப் பிடிக்கிறார். இதில் விரலோட்டத்தின் வேகம் எங்கேயுமே தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அசாத்தியமான காது. இருபது வயது ஜெஃப் பெக்கால் இதை வாசித்திருக்க முடியாது. 2023 ஜனவரியில் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வரை அவர் மேடையேறிக்கொண்டிருந்தார்.

அதே கிளப்பில் கிளாப்டனும் விருந்தாளியாக வந்து, வில்லி டிக்ஸனின் ‘யூ நீட் லவ்’ பாட்டில் சேர்ந்துகொண்டார். லெட் செப்பலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ எந்தப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது என்பதற்காக வழக்கு வரை போனதோ, அதே பாட்டு. குறும்பு என்றே நினைக்கிறேன்.

ஆக, என் பதில் இதுதான். தேய்வது எல்லோருக்கும் உண்டு. ஆனால் வாசிப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் விரலால் இல்லை, தன்னுடைய பழைய சோலோவை (தனி வாசிப்பை) தானே நகலெடுக்கத் தொடங்குவதால். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸின் விரல் முட்டிகள் கீல்வாதத்தில் வீங்கியிருப்பது தூரத்திலிருந்தே தெரியும். பழைய இடத்துக்கு விரல் போகாதபோது கிட்டாரே வேறு வழி காட்டுகிறது என்கிற பொருளில் அவர் பேசியிருக்கிறார். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி 17 வயதிலேயே தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். அவர் இடதுகைக்காரர், ஃபிரெட்டில் அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பி போட்டு, பிற்பாடு சுருதியையும் இறக்கி வாசித்தார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த சத்தம் அப்படி வந்தது. 2025 ஜூலையில் பர்மிங்ஹாமில் நடந்த பிளாக் சபாத்தின் கடைசிக் கச்சேரியில் அவருக்கு 77 வயது. அந்த ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்குகளுக்கு) ஒன்றும் ஆகவில்லை.

கில்மர் விஷயத்தில் மட்டும் உங்களோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். தன் விரல்களுக்கு வேகம் போதாது என்று அவரே சொல்லி வந்திருப்பதால் வயது அவரிடமிருந்து பிடுங்க அதிகம் இல்லை. 2016இல் இத்தாலியின் பொம்பெயில் (Pompeii), 70 வயதில் வாசித்த ‘கம்ஃபர்ட்டப்லி நம்’ கம்பீரமானதுதான். ஆனால் 1994இல் லண்டனில் வாசித்த கடைசி சோலோ இன்னும் ஒரு படி மேலே. அப்போது அவருக்கு 48. அனுபவமும் இருந்தது, கையும் இருந்தது. அந்த வயதுதான் உச்சம் என்று பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன். பெக்கைக் காட்டி என்னைத் தோற்கடித்துவிடலாம், தெரியும்.

சரி, உங்கள் சுண்டுவிரல். கிளாப்டன் சோலோக்களில் பெரும்பாலும் மற்ற மூன்று விரல்களிலேயே காலம் தள்ளியவர். அதனால் ரொம்பக் கவலைப்படாதீர்கள். உங்கள் கிட்டாரில் 10ஆம் எண் தடிமன் கம்பி இருந்தால் மெல்லிய 9க்கு மாற்றிப் பாருங்கள், ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி அரை சுரம் இறக்கியும் வையுங்கள். பெண்டிங் (கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றுவது) உடனே இலகுவாகும். 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கிட்டாராக இருந்தால் 24.75 அங்குலத்தில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேலும் இளகவில்லை என்றால் மட்டும் கம்பியை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.