சரணடைந்தவர்கள் நால்வர், பின்னால் இருப்பவரை வழக்குக்குள் கொண்டுவர முடியுமா?

கேள்வி: எங்கள் பகுதியில் நடக்கும் கஞ்சா விற்பனை பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்த என் தம்பி, இரண்டு மாதங்களுக்கு முன்பு வெட்டிக் கொல்லப்பட்டான். நான்கு இளைஞர்கள் வேறு மாவட்ட நீதிமன்றத்தில் சரணடைந்துவிட்டார்கள். முன்விரோதம் என்று காவல் துறை வழக்கை முடிக்கப் பார்க்கிறது. விற்பனைக்கு நிழலாக இருக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர்தான் பின்னணி என்று ஊரே பேசுகிறது. சி.பி.ஐ. விசாரணை கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் இப்போதே கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமலேயே சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. உள்ளூர்க் காவல் துறை மீது மனுதாரர் குறை சொல்கிறார் என்பதற்காக மட்டும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்ததும் அதே தீர்ப்புதான். நீங்கள் சந்தேகப்படுபவரின் செல்வாக்கைப் பக்கம் பக்கமாக எழுதினால் நீதிபதி அசையமாட்டார். செய்திருக்க வேண்டிய எந்தப் புலனாய்வை அதிகாரி செய்யவில்லை, அதை நீங்கள் எந்தத் தேதியில் எழுத்தில் சுட்டிக்காட்டினீர்கள் என்பதையே அவர் தேடுவார். அந்தப் பதிவை உருவாக்குவதுதான் உங்கள் இப்போதைய வேலை.

முதலில், தம்பி கொடுத்த கஞ்சாப் புகார் கொலை வழக்கின் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) வாங்கியிருந்தால், அந்த ஒற்றைத் தாளின் எண்ணும் தேதியும் உங்களிடம் உள்ள எல்லாவற்றையும்விட முக்கியமானவை. கொலை வழக்கு அமர்வு நீதிமன்றத்திலும், கஞ்சா வழக்கு போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்திலும், வெவ்வேறு அதிகாரிகளின் கையில் தனித்தனியாக நடக்கும். இரண்டையும் இணைக்கும் ஆவணத்தை யாராவது கோப்பில் சேர்த்தாலொழிய, கொலைக்கான நோக்கம் கடைசிவரை ‘முன்விரோதம்’ என்ற ஒரே சொல்லில் நின்றுவிடும்.

சரணடைந்தவர்கள் போலீஸாரிடம் அந்தப் பிரமுகரின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நிம்மதி அடையாதீர்கள். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் செல்லாது. செல்லக்கூடியவை வேறு: பணப் பரிமாற்றம், தொலைபேசி அழைப்பு விவரங்கள், மிரட்டலை நேரில் கண்டவர்களின் சாட்சியம். கண்காணிப்பு கேமரா பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், முன்பே கைப்பற்றியிருந்தாலன்றி அவை இனி கிடைப்பது அரிது. அழைப்பு விவரங்களைத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. தம்பியின் கைபேசி உங்களிடம் இருந்தால் அதைத் திறந்து எதையும் தேடாமல், அழிக்காமல், கைப்பற்றியதற்கான மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதச் சொல்லிக் காவல் துறையிடம் ஒப்படையுங்கள். “அந்த ஆள் என்னை மிரட்டினான்” என்று இறப்பதற்குச் சில நாள் முன்பு அவர் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தால், மரணத்துக்கு இட்டுச்சென்ற சூழ்நிலை குறித்த கூற்று என்ற முறையில் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவின்கீழ் அது சாட்சியமாகும். இதைப் பல குடும்பங்கள் வெறும் பேச்சு என்று நினைத்து விட்டுவிடுகின்றன.

நேரில் கண்டவர்களின் வாக்குமூலத்தைக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் பதிவு செய்யக் கோருங்கள். சாட்சி தானாகவே நடுவரிடம் போக முடியாது, புலனாய்வு அதிகாரி வழியாகவே போக வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் கொலை போன்ற பெருங்குற்றங்களில் அதிகாரி அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தக் கோரிக்கைகள் அனைத்தையும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பலன் இல்லையென்றால், முறையான புலனாய்வுக்கு உத்தரவிட்டு அதைக் கண்காணிக்குமாறு நடுவரிடம் மனுச் செய்யலாம். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அதன் பிறகு உயர் நீதிமன்றம் போனால், சி.பி.ஐ. கிடைக்காவிட்டாலும் மாநிலக் காவல் துறையின் தனிப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி.க்கோ சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கோ வழக்கு மாற வாய்ப்பிருக்கிறது.

இதில் ஒரு தேதியைக் கவனியுங்கள். முதல் ரிமாண்டிலிருந்து 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், சரணடைந்த நால்வரும் ஜாமீனில் வருவதைத் தடுக்க முடியாது. ஆகவே ‘பெரிய ஆளைச் சேர்க்காமல் குற்றப்பத்திரிகை போடக் கூடாது’ என்று கோபத்தில் முட்டுக்கட்டை போடாதீர்கள். இருப்பவர்கள் மீது தாக்கல் ஆகட்டும். அதே நடைமுறைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவு அனுமதிக்கும் மேல்விசாரணை மற்றவர்கள் தொடர்பாகத் தொடர வேண்டும் என்று மட்டும் எழுத்தில் வலியுறுத்துங்கள். குண்டர் சட்டத்தில் அடைத்துவிட்டோம் என்று சமாதானம் சொல்வார்கள்; அது அதிகபட்சம் 12 மாதத் தடுப்புக் காவல், கொலைக்கான புலனாய்வுக்கு அது ஈடாகாது.

நீங்கள் சந்தேகப்படுபவர் மக்கள் பிரதிநிதி என்பதால் அவர்மீது வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி வேண்டுமோ என்ற அச்சம் வேண்டாம். கொலைச் சதி யாருடைய அலுவல் கடமையும் அல்ல. மாமூல் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு மட்டும் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தனிப் புகாராகப் போகட்டும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் கொலை வழக்குதான் நீர்த்துப்போகும்.

மனுக்களில் எதிலும் அயலார் சாட்சிகளின் பெயரை எழுதுவதற்கு முன், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதும் நடைமுறைப்படுத்திய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் அவர்களைக் கொண்டு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். உங்கள் மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகாது.